பொறுப்பு ஹெச்.எம்.

இவளா? என் மகளான்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க. என் மகள் பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. இது என் ஸ்கூல் பிள்ளை. முனீஸ்வரின்னு பேரு. பத்தாவது படிக்கிறா. படிக்கிறாளா, படிப்பை விட்டுட்டாளான்னு இன்னைக்குக் காலையில கேட்டிருந்தீங்கன்னா எனக்கே சொல்லத் தெரிஞ்சிருக்காது. அந்தா, முன்னால கம்பியில தலை முட்டத் தூங்குது பாருங்க, அதுதான் இவளைப் பெத்தவ, சண்முகக்கனி. பெத்தவ மேல சாயாம என் மேல சாஞ்சு தூங்குது இது. எழுப்பிவிடலாம். எழுப்பினா காலை நீட்டி உங்க பையை மிதிக்கும். கெடக்கட்டும்.

தலையில வெள்ளையா இருக்கேன்னு பாக்குறீங்களா? பொடுகு இல்ல, பஞ்சு. நூல் மில்லுலருந்து கூட்டிட்டு வாரேன். திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு. மதுரையில இறங்கி இந்த பஸ்ஸைப் பிடிச்சோம். இன்னைக்கு சனிக்கிழமை, லீவு. காலை நீட்டி வீட்டுல படுத்திருக்க வேண்டியவ நான். எல்லாம் அந்த மனுசனால.

நான் கணக்கு டீச்சருங்க. தமயந்தி. முதுகுளத்தூருக்கு அங்கிட்டு பூவாணிநேந்தல்னு ஒரு ஊரு, அங்க அரசு உயர்நிலைப் பள்ளி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கரிமூட்டம் தவிர அங்க ஒண்ணும் கிடையாது. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேல மண்ணைப் பூசி, உள்ள தீயை வச்சு, நாள்கணக்காப் புகைய விட்டுக் கரி எடுப்பாங்க. ஊரே அதுலதான் பிழைக்குது. பிள்ளைங்க உள்ளங்கையைப் பாத்தா ரேகையெல்லாம் மை ஊத்தின மாதிரி இருக்கும். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா சாயங்காலம் அது என்ன கலருன்னு சொல்ல முடியாது.

அந்த ஸ்கூலுக்கு நான் பொறுப்பு ஹெச்.எம்.மா இருந்தேன். பழைய ஹெச்.எம். ரிட்டயராகிட்டாரு, அடுத்து யாரும் அந்தக் காட்டுக்கு வர ஒத்துக்கல. சீனியர்ங்கிற முறையில என்கிட்டக் கொடுத்தாங்க. மூணு வருசம். மூணு வருசமும் பத்தாவதுல நூத்துக்கு நூறு. வாசல்ல பிளக்ஸ் வச்சாங்க, என் போட்டோ போட்டு. பேப்பர்லகூட வந்துச்சு, சின்னதாத்தான், ஆனா வந்துச்சு.

எப்படின்னு கேளுங்க. ஒழுங்கு. ஒம்பதரைக்கு கேட்டைப் பூட்டிருவேன். பூட்டினா பூட்டினதுதான். கரிமூட்டத்துல நின்னேன், மூட்டம் வாயைத் திறந்துருச்சு மண்ணு அப்பினேன், தம்பியைக் குளிப்பாட்டினேன், இந்தக் கதையெல்லாம் என்கிட்ட நடக்காது. வீட்டுக்குப் போ, நாளைக்கு நேரத்தோட வா. அப்பறம் வடிகட்டுறது. யாரு தேறும், யாரு தேறாதுன்னு ஒம்பதாவதுலயே எனக்குத் தெரிஞ்சிரும். பத்தாவது பரீட்சைக்குப் பேரு அனுப்புறதுக்குள்ள, தேறாததைப் பெத்தவங்களைக் கூப்பிட்டு, உங்க பிள்ளைக்குப் படிப்பு ஏறல, டி.சி.யை வாங்கிட்டு டெய்லரிங் கியிலரிங்னு சேத்துவிடுங்க, அதோட நல்லதுக்குத்தான் சொல்றேன்னு பக்குவமாச் சொல்லிருவேன். ஒருத்தரும் எதுத்துப் பேசினதில்ல. கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிட்டுப் போவாங்க. அம்புட்டு மரியாதை. பரீட்சை எழுதினது கொஞ்சப் பேருதான், இல்லைங்கல. அதனால என்ன? நூறு நூறுதானே.

அந்த நேரத்துலதான் எங்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சின்னு ஒண்ணு போட்டாங்க. ஏசி ஹாலு, மத்தியானம் பிரியாணி. கோட்டு போட்டுக்கிட்டு ஒரு தம்பி வந்து, பள்ளியை மாத்தணும்னா தலைவர் மாறணும், தலைவர்னா நடையில ஒரு கம்பீரம் வேணும், குரல்ல ஒரு அதிகாரம் வேணும்னு படம் போட்டுக் காட்டுச்சு. எனக்கு அது புதுசே இல்ல. ஏற்கெனவே என்கிட்ட இருந்ததைத்தான் சொல்லுச்சு. சர்ட்டிபிகேட் கொடுத்தாங்க. பிரேம் போட்டு மாட்டியிருக்கேன்.

இப்படி நல்லாப் போயிக்கிட்டிருந்த ஸ்கூலுக்குத்தான், போன வருசம், ஸ்கூல் திறந்து கொஞ்ச நாள்ல, ஹெச்.எம்.முன்னு ஒருத்தர் வந்தாரு. சேவுகமூர்த்தி. தமிழ் வாத்தியாரு. வந்த அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், ஆள் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

காலையில ஆபீஸ் ரூம் வாசல்ல ஒரு ஆளு வந்து நிக்குது. கசங்கின சட்டை, ரப்பர் செருப்பு, தோள்ல துணிப்பை. பிள்ளைங்க வந்த அதே டவுன்பஸ்ல வந்து இறங்கியிருக்கு. நான் நிமிர்ந்துகூடப் பாக்கல. பெத்தவங்களை எல்லாம் வெள்ளிக்கிழமைதான் பாப்பேன், அவசரம்னா வெளிய மரத்தடியில உக்காருங்கன்னேன். சரிங்கன்னு போயி உக்காந்துட்டாரு. அங்க ஏற்கெனவே நாலஞ்சு பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க, அவங்களோட பேசிக்கிட்டு. ரெண்டு பீரியட் போச்சு. அப்பறம் கிளார்க் தம்பி வந்து, டீச்சர், புது ஹெச்.எம். இன்னைக்கு ஜாயின் பண்றதா ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சுங்குது. யாரையும் காணோமேங்கிறேன். அந்தாளு எந்திரிச்சு வந்து, நான்தான் டீச்சர்ங்கிறாரு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஏன் சார் முதல்லயே சொல்லலன்னு கேட்டா, உக்காரச் சொன்னீங்க, உக்காந்தேன், வெயில் நல்லா அடிக்குது டீச்சர், அங்க ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தா பெத்தவங்களுக்கு நல்லாருக்கும்னாரு. இதுல எங்கங்க இருக்கு கம்பீரம்? ஒரு ஹெச்.எம்.முக்குத் தான் ஹெச்.எம்.முன்னு சொல்லக்கூடத் தெரியலன்னா?

வந்த வாரமே கேட்டைத் திறந்து போட்டாரு. எந்நேரம் வந்தாலும் உள்ள விடுங்கன்னாரு. நான் விடல, கேட்டேன். சார், அப்ப ஒழுங்கு? அவரு சொல்றாரு, லேட்டா வாற பிள்ளை படிக்கணும்னு நினைச்சுத்தான வருது டீச்சர், இல்லேன்னா வராமலேயே இருந்திருக்குமேன்னு. பேச்சைப் பாருங்க. தமிழ் வாத்தியாருல்ல.

சாயங்காலமானா கரிமூட்டத்துக்குப் போயிருவாரு. புகையில நின்னு இருமிக்கிட்டே, இந்தப் பிள்ளையைக் காலையில வேலைக்கு விடாதீங்கன்னு வீடு வீடாச் சொல்றது. அவங்க கொடுக்குற வரக்காப்பியை வாங்கிக் குடிக்கிறது. நான் சொன்னேன், சார், இதெல்லாம் உங்க வேலை இல்ல. ஆமா டீச்சர், யாரோட வேலைன்னு விசாரிச்சுப் பாத்தேன், ஒருத்தரும் கிடைக்கலன்னாரு. எகத்தாளமாச் சொன்னாரா, நெசமாச் சொன்னாரான்னு இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியல.

சரி, அவரு எப்படியோ போகட்டும், என்னைய விட்டாரா? ஸ்டாப் மீட்டிங்ல எல்லாரும் இருக்கையில, ஒம்பதாவதுல ஒண்ணுமே வராத பிள்ளைங்க எல்லாத்தையும் தமயந்தி டீச்சர்கிட்ட விடப்போறேன்னாரு. நான் எடுக்குறது ஏ செக்‌ஷன். நல்லாப் படிக்கிறதுங்க. எனக்கு ஏன் சார் இந்தத் தண்டனைன்னேன். உங்க அளவுக்குக் கணக்கு எடுக்குறவங்க இந்த வட்டாரத்துலயே இல்ல, நல்ல டாக்டர்கிட்டத்தான டீச்சர் முடியாத நோயாளியை அனுப்பணும்னாரு. ஐஸ் வைக்கிறாரு. எனக்குத் தெரியாதா? இத்தனை வருச சர்வீஸ்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். ஆனா அம்புட்டுப் பேரு முன்னால சொல்லிட்டாரு. முடியாதுன்னு சொன்னா தமயந்திக்கு எடுக்கத் தெரியலன்னு ஆயிரும்ல. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்.

அந்தக் கும்பல்ல ஒருத்திதான் இவ. இந்தா தூங்குறாளே. இப்பப் பூனை மாதிரி இருக்கா, கிளாஸ்ல பாக்கணும். வாயே திறக்காது. திறந்தா ஒரே கேள்வி. மைனஸையும் மைனஸையும் பெருக்கினா எப்படி டீச்சர் ப்ளஸ் ஆகும்? அது அப்படித்தான், விதி, எழுதிக்கோன்னேன். எழுதிக்கிட்டா. மறுநாளும் அதே கேள்வி. அதுக்கு மறுநாளும். கடன் வாங்கினவன் மறுபடியும் கடன் வாங்கினா எப்படி டீச்சர் அவன்கிட்ட பணம் சேரும்ங்கிறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கிளாஸை விட்டு வெளிய போடின்னேன்.

பின் பெஞ்சுலருந்து ஒரு சத்தம். எனக்கும் புரியல டீச்சர், நானும் வெளிய போயிரவான்னு. பாத்தா இந்த மனுசன் பிள்ளைங்களோட பிள்ளையா உக்காந்திருக்காரு. எப்ப வந்தாருன்னே தெரியல. நானும் படிச்ச காலத்துலருந்து இதை மனப்பாடமாத்தான் வச்சிருக்கேன், நீங்க சொன்னாத்தான் உண்டுங்கிறாரு. ஒரு ஹெச்.எம். பேசுற பேச்சா இது? தனக்குத் தெரியாததைப் பிள்ளைங்க முன்னால ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?

வீட்டுக்குப் போயும் எனக்கு மனசு ஆறல. எம்.எஸ்சி. கோல்டு மெடலுங்க நான். எனக்கா தெரியாது? தெரியும். ஆனா அந்தக் கழுதைக்கு விளங்குற மாதிரிச் சொல்லத் தெரியல. பழைய புஸ்தகத்தையெல்லாம் பரணைலருந்து இறக்கிப் புரட்டினேன். என் வீட்டுக்காரரு, நீ என்ன மறுபடியும் பரீட்சை எழுதப் போறியான்னு கேட்டாரு.

மறுநாள் கிரவுண்டுல சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டேன். நடுவுல சைபர், இங்கிட்டு ப்ளஸ், அங்கிட்டு மைனஸ். அவளைச் சைபர்ல நிறுத்தி, முதல் மைனஸ்னா மைனஸ் பக்கமாத் திரும்பி நில்லுன்னேன். நின்னா. இப்ப ரெண்டாவது மைனஸ், திரும்பாம அப்படியே பின்னால நடன்னேன். நடந்தா. எந்தப் பக்கம் வந்து நிக்கிறேன்னு பாருன்னேன். குனிஞ்சு கோட்டைப் பாத்தா. என்னையப் பாத்தா. சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. சிரிச்சா சிரிக்கட்டும், அதைப் பெருசா எடுக்க வேண்டியதில்ல. அப்பறம் எல்லாப் பிள்ளைங்களும் நாந்தான் நாந்தான்னு பின்னால நடக்குறாங்க. அந்த மனுசனும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடக்குறாரு. மானம் போச்சு.

அதுலருந்து எனக்குப் பிடிச்சுது சனியன். சனிக்கிழமை கிளாஸ். பின்னத்துக்கு அட்டை வெட்டுறது, கன அளவுக்குத் தீப்பெட்டி ஒட்டுறது. வீட்டுல டைனிங் டேபிள்ல சாப்பிட இடமில்ல. அவருக்காகச் செய்யல, அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. நாளைக்கு எவனும் என்னைய ஒரு சொல் சொல்லிரக்கூடாது, அதுக்காகச் செஞ்சேன்.

சரி, இம்புட்டும் பண்ணி என்ன ஆச்சு? எல்லாப் பிள்ளையும் பரீட்சை எழுதட்டும், ஒருத்தரையும் நிறுத்தக்கூடாதுன்னுட்டாரு. எழுதுச்சுங்க. நூறு எங்க போச்சுன்னு தெரியல. எழுபத்துச் சொச்சம். பிளக்ஸைக் கழட்டியாச்சு. மாவட்ட ஆபீஸ்ல ரிசல்ட் மீட்டிங். நானும் போயிருந்தேன். பெரிய ஆபீசர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, பூவாணிநேந்தல் ஹெச்.எம். எந்திரிங்க, நூறு எடுத்த ஸ்கூலை எப்படிங்க ஒரே வருசத்துல குழியில தள்ளினீங்கன்னு கேக்குறாரு. எந்திரிச்சு நின்னாரு. எந்தப் பாடத்துல சார் பெயிலு, எந்த டீச்சருங்கிறாரு ஆபீசர். பெயிலானது முக்காவாசி கணக்குல. என் பாடம். நான் தலையைக் குனிஞ்சு ஹேண்ட்பேக்ல என்னத்தையோ தேடிக்கிட்டிருக்கேன். இவரு சொல்றாரு, போன வருசத்தை விட மூணு மடங்கு பிள்ளைங்க எழுதியிருக்காங்க சார், பெயிலானதுக்கு நான்தான் காரணம், என்னையக் கேளுங்கன்னு. ஆபீசர் விட்டுக் கிழிச்சாரு. இவரு நின்னு வாங்கிக்கிட்டாரு. ஒரு பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கத் தெரியல பாருங்க. முதுகெலும்பே கிடையாது.

திரும்பி வாறப்ப பஸ்ல பக்கத்துச் சீட்டு. ஒரு வார்த்தை கேக்கல என்னைய. திட்டியிருந்தாலும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். வேர்க்கடலை வாங்கி நீட்டுறாரு.

கடைசியில ஊரே அவருக்கு எதிராத் திரும்புச்சு. ஊருன்னா தவசிலிங்கம். அந்தப் பக்கத்துக் கரியெல்லாம் வாங்கி லாரியில ஏத்துற ஏவாரி. பெத்தவங்க சங்கத்துக்கும் அவருதான் தலைவர். பிள்ளைங்க காலையில மூட்டத்துக்கு வராததுல அவருக்கு ஆள் குறைஞ்சு போச்சு. ஹெச்.எம். ஊருக்குள்ள புகுந்து கலகம் பண்றாரு, ரிசல்ட்டைக் கெடுத்துட்டாரு, மாத்துங்கன்னு ஒரு மனு எழுதி, எங்க ஸ்டாப்கிட்டயும் கையெழுத்து கேட்டு வந்தாரு. ரெண்டு மூணு பேரு போட்டாங்க. முதல்ல என்கிட்டத்தான் நீட்டினாரு. டீச்சர், நீங்க மறுபடியும் ஹெச்.எம்.மா வரணும், அதுக்குத்தான் இம்புட்டும்னாரு. நான் போடல. அவரு மேல பாசம்னு நினைச்சுராதீங்க. அந்த மனுவுல அம்புட்டு எழுத்துப்பிழை. ஒழுக்கம்னு எழுதுற இடத்துல ஒலுக்கம்னு எழுதியிருக்கு. அதுல என் பேரைப் போடுவேனா?

நான் போடாட்டி என்ன, ஆர்டர் வந்துருச்சு. இப்ப முடிஞ்ச தீபாவளிக்கு அப்பறம், நிர்வாக மாறுதல்னு கடலோரத்துல எங்கயோ ஒரு ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டாங்க. போற அன்னைக்குப் பிள்ளைங்க அழுதுச்சுங்க, பெத்தவங்க கரிக்கையோட வந்து நின்னு கண்ணைத் துடைச்சதுல மூஞ்சியெல்லாம் கறுப்பு. இவ மட்டும் அழல. தூரத்துல நின்னு என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. சாவிக்கொத்தை என் கையில கொடுத்துட்டு, உங்களுக்குத் தெரியாதது என்ன டீச்சர் இருக்குன்னாரு அந்த மனுசன். அம்புட்டுத்தான். இதைச் செய்யுங்க, இதைப் பாத்துக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேணாமா? பொறுப்பில்லாத ஆளு.

ஆக, மறுபடியும் நான்தான் பொறுப்பு ஹெச்.எம். மறுநாளே கேட்டை ஒம்பதரைக்குப் பூட்டணும்னுதான் நினைச்சேன். பூட்டைத் தேடினா துருப்பிடிச்சுக் கெடக்கு. புதுசு வாங்கணும். வாங்கணும் வாங்கணும்னு தள்ளிக்கிட்டே போகுது. சனிக்கிழமை கிளாஸையும் நிறுத்திரலாம்னு பாத்தேன், பாதியில விட்டா பாடம் நிக்கும். பரீட்சை முடியட்டும், பெறவு ஒவ்வொண்ணா எல்லாத்தையும் சரிபண்ணுவேன்.

பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தா இவளைக் காணோம். ஒருநாள், ரெண்டு நாள், ஒரு வாரம். பிள்ளைங்களைக் கேட்டா ஒண்ணோட மூஞ்சியை ஒண்ணு பாக்குதுங்க. சரின்னு நானே வீட்டுக்குப் போனேன். இத்தனை வருசம் அந்த ஊருல வேலை பாக்குறேன், பஸ்ஸ்டாப்பு, ஸ்கூலு, ஸ்கூலு, பஸ்ஸ்டாப்பு. ஊருக்குள்ள கால் வச்சதில்ல. எந்த வீடுன்னு தெரியாம புகைக்குள்ள சுத்திச் சுத்தி வந்து, சேலையெல்லாம் கரி. சண்முகக்கனி மூட்டத்துக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு நிக்கிறா. எங்கம்மா உன் பிள்ளைன்னா, மில்லுக்குப் போயிருச்சு டீச்சருங்கிறா. ஏஜென்ட் வந்தான், அங்கயே தங்கி வேலை, மூணு வேளையும் சோறு போடுறாங்கன்னு அவளே கிளம்பிட்டாங்கிறா. பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கு தெரியுமா உனக்குன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, ஐயாதான் போயிட்டாரே டீச்சர், இனிமே யாரு கேக்கப் போறான்னு.

முன்னால நான் நிக்கிறேங்க. கல்லு மாதிரி நிக்கிறேன். என் மூஞ்சியைப் பாத்து, யாரு கேக்கப் போறாங்கிறா.

அங்கேயே நின்னு அந்த மனுசனுக்குப் போனைப் போட்டேன். நல்லாத் திட்டணும்னுதான் போட்டேன். நீங்க கண்டபடி இடம் கொடுத்துட்டுப் போயிட்டீங்க, உங்க பிள்ளை இப்ப மில்லுல கெடக்குன்னேன். நான் வரட்டுமா டீச்சர்னாரு. நீங்க வந்து என்ன கிழிப்பீங்க, அங்கயும் போயி வரக்காப்பி குடிப்பீங்க, எப்படிக் கூட்டிட்டு வரணும்னு எனக்குத் தெரியும்னு வச்சுட்டேன்.

அதான் இன்னைக்கு ஒருநாள் சனிக்கிழமை கிளாஸை விட்டுட்டு, காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு, சண்முகக்கனியை இழுத்துக்கிட்டுப் போனேன். பெத்தவ இல்லாட்டி மில்லுக்காரன் விடமாட்டான்ல. போனா, பெரிய கேட்டு. வாட்ச்மேன் மசியல. நான் போட்ட சத்தத்துல மேனேஜரே வந்தான். சின்னப் பையன், என்கிட்டப் படிச்சிருந்தா முட்டி போட வச்சிருப்பேன். ரொம்ப மரியாதையாப் பேசுறான். நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல மேடம், அது இஷ்டப்பட்டு வந்துச்சு, அதையே கேளுங்கன்னு கூட்டிட்டு வரச் சொன்னான்.

வந்தா. தொளதொளன்னு யூனிபார்ம் கோட்டு, தலையெல்லாம் பஞ்சு. கண்ணு சிவந்து கெடக்கு. கிளம்புடின்னேன். நான் இங்கயே இருக்கேன் டீச்சர்னா. மேனேஜர் என்னையப் பாத்துச் சிரிக்கிறான். எனக்கு அவமானமாப் போச்சு. ஏன்டி, மில்லு அம்புட்டுப் பிடிச்சிருக்கான்னேன். தலையை ஆட்டுறா, இல்லைன்னு. பின்ன?

மெதுவாச் சொன்னா. அரைப்பரீட்சையில நான் கணக்குல பெயிலு டீச்சர். ஐயா இல்ல, இப்ப நீங்கதான. எங்க நாகஜோதி அக்காவுக்குக் குடுத்தீங்கள்ல, அது மாதிரி எனக்கும் டி.சி. குடுத்துருவீங்க. நீங்க கூப்பிட்டு விடுறதுக்கு முன்னாடி நானாப் போயிட்டா, அம்மா வந்து உங்களைக் கும்பிட வேணாம்லன்னு.

யாரு நாகஜோதின்னு எனக்குச் சட்டுன்னு ஞாபகம் வரல. எத்தனையோ பிள்ளைங்க. சண்முகக்கனியைப் பாத்தேன், அவ தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நாகஜோதி இப்ப எங்கன்னு கேட்டேன். இங்கதான் டீச்சர் இருக்கு, நைட் ஷிப்டு பாத்துட்டு உள்ள தூங்குதுன்னா இவ. வந்து மூணு வருசமாச்சாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். யாரு மேலன்னு கேட்டா, அந்த மேனேஜர் மேலதான், வேற யாரு மேல வரும்? நூறாவது மண்ணாவது, நீ பெயிலானா ஆயிட்டுப் போ, வந்து பரீட்சை எழுதுடின்னு கத்திட்டேன். ஆத்திரத்துல வந்த வார்த்தை. பத்தாவது பரீட்சைக்குப் பேரு கொடுத்திருக்குற பிள்ளையை ராத்திரி வேலை வாங்குறீங்களே, போலீஸுக்குப் போகவா, கலெக்டர்கிட்டப் போகவான்னு அவன்கிட்டயும் கத்தினேன். நீங்க யாரு மேடம் இதையெல்லாம் கேக்கன்னான். அந்த ஸ்கூலுக்கு ஹெச்.எம்.டான்னேன். பொறுப்புங்கிற வார்த்தையைச் சொல்ல மறந்துட்டேன். அதுக்கெல்லாம் நேரமில்ல.

அப்பறம் விட்டுட்டான். பெரியவளையும் பாக்கணும்னேன். தூங்குற பிள்ளையை எழுப்பமாட்டோம், அது மேஜர், அதுக்கு வேணும்னா அது வரும்னான். அடுத்த வாரம் வாரேன், அது கிட்டச் சொல்லி வைன்னுட்டு வந்திருக்கேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல. அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன செய்ய முடியும்? தனித்தேர்வு எழுதலாம். எழுதலாம்தான். என்கிட்ட அதுக்கெல்லாம் எங்க நேரம்?

இவ பாஸாயிருவாளான்னா கேக்குறீங்க? ஆகமாட்டா. வடிவியல் சுத்தமா வராது. ஒரு வட்டம் போட்டா உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். இன்னும் உள்ள நாள்ல தலையால தண்ணி குடிச்சாலும்... முக்கோணத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டா ஓரளவு தேத்தலாம். பாப்போம். ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம் உக்கார வைக்கணும். அந்த மனுசனா இருந்தா தட்டிக் கொடுத்து, கதை சொல்லி, ஊரைக் கூட்டியிருப்பாரு. நான் அப்படியெல்லாம் கிடையாது. எனக்கு வேலை நடக்கணும், அம்புட்டுத்தான்.

சரி, என் கதையே பேசிக்கிட்டு வாரேன். நீங்க இறங்குற விலக்கு வந்துருச்சா? அடுத்ததா. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? ரெண்டா. பையன் என்ன பண்றான்? ஐ.டி.ஐ.யா, நல்லது. பொண்ணு? வீட்டுல இருக்காளா? வீட்டுலன்னா? ஒம்பதாவதோட நின்னுட்டாளா? ஏன்? கணக்கு வராதுன்னு டீச்சர் சொன்னாங்களாக்கும். எந்த டீச்சர்? சரி விடுங்க, அந்தம்மா பேரு எனக்கெதுக்கு.

இருங்க, இருங்க, பஸ் நிக்கட்டும், பையை நான் பிடிக்கிறேன். உங்க ஊரு குருந்தங்குளமா? ரோட்டுலருந்து உள்ள நடக்கணுமா? சும்மாதான் கேக்குறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எனக்கு வேலை வெட்டி ஒண்ணுமில்ல. வீட்டுக்கு அடையாளம் மட்டும் சொல்லிட்டு இறங்குங்க.